ரீச்சரின் பாரத்துக்கு வைத்த ஸ்பிறிங்

கதிராமனின் காரைக் கண்டதும் ஒரு காவலரண் முழுவதும் தரையில் படுத்துக்கொண்டது. நம்பமாட்டீர்கள். நிலாவெளி வீதியில், ஒரு புதன்கிழமை மத்தியானம், கொளுத்துகிற வெயிலில், பட்டாளத்துப் பொடியன்கள் ஏழெட்டுப் பேர் மண்மூட்டைகளுக்குப் பின்னால் குப்புற விழுந்து துவக்கை நீட்டினார்கள். காருக்குள் இருந்ததோ கதிராமன் ஒருவர் மட்டும். வயது ஐம்பத்தெட்டு. பக்கத்துச் சீற்றில் மனைவிக்கென்று வாங்கிய ஒரு கடதாசிச் சரை கச்சான் கடலை.

இறங்கச் சொன்னார்கள், இறங்கினார். சட்டையைக் கழற்றச் சொன்னார்கள், கழற்றினார். கையைத் தலையில் வைத்து முழங்காலில் இருக்கச் சொன்னார்கள், இருந்தார். என்ன குற்றம் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. அடையாள அட்டை இருந்தது, காரின் புத்தகம் இருந்தது, இன்ஜின் மாற்றியதற்குப் பதிவும் இருந்தது. எதையும் யாரும் கேட்கவில்லை. எல்லாரும் காரின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கதிராமன் ஈச்சிலம்பற்றில் பிறந்தவர். பத்தொன்பது வயதில் திருகோணமலைத் துறைமுகத்து வேர்க்ஷொப்பில் இயந்திரம் பூட்டுகிற பிற்றராகச் சேர்ந்து, முப்பத்தாறு வருஷம் பாரந்தூக்கிகளுக்கு அடியில் கிடந்து, பென்சனோடு ஓர்ஸ் ஹில் வீட்டுக்கு வந்து சேர்ந்தவர். அளவுப் பைத்தியம் என்று தயங்காமல் சொல்லலாம். யன்னலுக்குத் திரைச்சீலை வாங்கப் போனாலும் மில்லிமீற்றரில் எழுதிக்கொண்டு போவார். கண்ணால் பார்த்து ஒரு சாண், ஒரு முழம் என்று யாராவது சொன்னால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். "கண்ணை நம்பேலாது, கம்பை எடு" என்பார்.

மனைவி ஞானமணி தையல் ரீச்சர். நிலாவெளி வீதியில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார். நல்ல உயரம், அதற்கேற்ற அகலம். பஸ்ஸில் ரீச்சர் ஏறினால் சீற்றில் இருக்கிற இரண்டு பேரும் மரியாதையாக எழும்பிவிடுவார்கள். மரியாதை பாதி, இடம் காணாது பாதி. அதை அவருடைய காதுபடச் சொல்லிவிட்டுத் தப்பியவர் ஊரில் இல்லை.

யுத்தம் நடந்த அந்த நாளில் பஸ் பிரயாணம் என்பது ஏறுவதும் இறங்குவதும்தான். வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இடையில் மூன்று காவலரண். ஒவ்வொன்றிலும் எல்லாரும் இறங்கி, பையைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். பெண்கள் சாக்குத் திரை போட்ட தகரக் கூட்டுக்குள் போக, அங்கே ஒரு பெண் பொலிஸ் மேலெல்லாம் தடவிப் பார்த்து விடுவாள். பிறகு திரும்பப் பஸ். போக மூன்று, வர மூன்று. ரீச்சருக்கு முழங்கால் இரண்டும் வீங்கிவிடும். ஒருநாள் மிதிபலகையில் கால் வழுக்கித் தொப்பென்று நடுவீதியில் இருந்துவிட்டார். பட்டாளத்துப் பொடியன் ஒருவன் சிரித்தான். அன்று பின்னேரம் ரீச்சர் முழங்காலுக்கு நோவெண்ணெய் பூசினார். கதிராமன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். காரில் வருகிற வயதான பெண்களை இறக்குவது குறைவு. கார் வேண்டும் என்று அன்றே முடிவெடுத்தார்.

கார் நாலு வீடு தள்ளி நின்றது. ஐம்பத்தொன்பதாம் ஆண்டு ஒப்பல் றெக்கோர்ட், ஜெர்மன்காரன் செய்தது. அவுஸ்திரேலியாவுக்குப் போன ஒரு டொக்டருடையது. முருங்கை மரத்துக்குக் கீழே, பின்சீற்றில் கோழி அடை கிடக்க, பத்து வருஷமாக நின்றது. வீட்டைப் பார்த்துக்கொண்டவர், "கொண்டு போனால் எனக்கு இடம் மிச்சம்" என்று சாவியையும் டொக்டரின் கடிதத்தையும் கையில் கொடுத்தார். கோழியைத்தான் இறக்கப் பெரும்பாடாகப் போயிற்று.

கடற்காற்று தரைத் தகட்டைத் தின்றிருந்தது. உள்ளே இருந்தால் காலுக்குக் கீழே றோட்டுத் தெரியும். எண்ணெய்ப் பீப்பாவை வெட்டித் தட்டையாக்கி அந்த ஓட்டைகளை அடைத்தார். பழைய இன்ஜின் இறுகிப் போய்விட்டது. கிண்ணியாவில் பழைய இரும்புக் கடை வைத்திருந்த அபூதாஹிர், விபத்தில் நசுங்கிய ஒரு வானின் ஜப்பான் டீசல் இன்ஜினைப் பாதை என்கிற மிதவையில் ஏற்றிக் கடல் கடத்தி அனுப்பினார். அது ஜெர்மன் வயிற்றுக்குள் இருக்கமாட்டேன் என்றது. தாங்கிகளை மூன்று தரம் வெட்டி ஒட்டி இருத்தினார். ஆறு வோல்ற்றில் மினுங்கிய விளக்குகளைப் பன்னிரண்டு வோல்ற்றுக்கு மாற்றினார். தடைப்பட்ட சாமானான பற்றரி ஒன்று வாங்க ஊர் விதானையாரின் அனுமதிக் கடிதத்துக்கு அலைந்த கதையைச் சொன்னால் பொழுது விடிந்துவிடும்.

எல்லாவற்றிலும் எச்சரிக்கை. துறைமுகத்துச் சாம்பல் பெயின்ற் சும்மா கிடைத்தது, வேண்டாம் என்றார். நேவி நிறம் வம்பு. பால்கோப்பி நிறம் அடித்தார். றேடியோவைக் கழற்றி எறிந்தார், ஏரியல் கம்பி கண்டால் கேள்வி வரும். கறுப்புக் கண்ணாடி இல்லை. பின்னால் சாமான் வைக்கிற பூட்டுக்குள் ஒரு அளவுக் கம்பைத் தவிர ஒரு சாக்குக்கூட இல்லை. காவலரணில் என்னென்ன கேட்பார்கள் என்று ஒவ்வொன்றாக யோசித்து யோசித்துச் செய்தார். ஸ்பிறிங்கை மட்டும் யோசிக்கவில்லை.

ஏனென்றால் ஸ்பிறிங் விஷயத்தில் அவருடைய யோசனை முழுவதும் ரீச்சரைப் பற்றியது. வேலை தொடங்கின இரண்டாம் மாதம், "ஞானம், ஒருக்கா வந்து பின்சீற்றில இரும். பிறேக் பாக்க வேணும்" என்று கூப்பிட்டார். ரீச்சர் வந்து இருந்தார். பழைய ஸ்பிறிங் முனகிக்கொண்டு பணிந்தது, சைலன்சர் மண்ணில் முட்டியது. இப்படியே றோட்டில் போனால் ஒவ்வொரு மேடும் இடிக்கும். கதிராமன் ஒரு தேக்கங்கம்பை பம்பருக்குப் பக்கத்தில் நிறுத்தி, மட்டம் எங்கே நிற்க வேண்டுமென்று பென்சிலால் ஒரு கோடு கீறினார். பிறகு அபூதாஹிரிடம் லொறி ஸ்பிறிங் தகடு வாங்கி, அளவாக வெட்டி, ஒவ்வொன்றாகச் சேர்த்தார். ஒவ்வொரு தகட்டுக்கும் ஒருதரம் ரீச்சர் வந்து இருக்க வேண்டியிருந்தது. மூன்றாவது தகட்டில் பம்பர் அச்சொட்டாகக் கோட்டில் வந்து நின்றது. கோட்டுக்குப் பக்கத்தில் 'ஞா' என்று எழுதினார்.

"என்னத்துக்கு இவ்வளவு தகடு?" என்று ரீச்சர் கேட்டார்.

"றோட்டுப் பள்ளத்துக்கு" என்றார் கதிராமன். வேறென்ன சொல்வது? அவருக்கும் உயிரில் ஆசை இருக்கத்தானே செய்யும்.

அபூதாஹிருக்கு விஷயம் விளங்கிவிட்டது. விழுந்து விழுந்து சிரித்தார். "கதிராமண்ணே, பொஞ்சாதிய ஏத்தாம இந்தக் கார றோட்டுல இறக்கிராதீங்க. பின்பக்கம் வானத்தப் பாத்துக்கிட்டு நிக்கும்."

உண்மைதான். வெறும் காரின் பம்பர் கோட்டுக்கு மேலே நாலு விரல் உயர்ந்து நின்றது. அதற்கென்ன, வெறும் கார் எங்கே போகப்போகிறது என்று கதிராமன் நினைத்தார்.

அதற்குப் பிறகு ஒரு வருஷம். கதிராமன் காருக்குக் கீழே, ரீச்சர் வீட்டுக்குள்ளே. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் கீழேயிருந்து "ஓம்" என்று வரும். தண்ணி வரவில்லை என்றால் "ஓம்". பக்கத்து வீட்டில் செத்த வீடு என்றாலும் "ஓம் ஓம்". பின்னேரங்களில் குசினிக்குப் பக்கத்து அறையில் தையல் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தில் அவருக்கு வேலை நன்றாக ஓடும். வீட்டில் எல்லாம் சுகம் என்பதற்கு அதைவிட வேறு என்ன அடையாளம் வேண்டும்?

கார் ஓடத் தயாரானது ஒரு திங்கட்கிழமை. வெள்ளிக்கிழமை பத்திரகாளி அம்மன் கோயிலுக்குக் கொண்டுபோய், சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசித்து, அதன் பிறகு ரீச்சர் ஏறுவதாகப் பேச்சு. ஆனால் பதினாலு மாதம் பொறுத்த மனிதருக்கு நாலு நாள் பொறுக்க முடியவில்லை. புதன்கிழமை பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்குப் போய் வாசலில் நின்றால் ரீச்சரின் முகம் எப்படியிருக்கும்! சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, கச்சானும் வாங்கிக்கொண்டு வெளிக்கிட்டார். வெறும் காரோடு.

இப்போது அந்த வெள்ளைச் சட்டை மண்ணில் கிடந்தது. பின்சீற்றைக் கழற்றி வெளியே போட்டுவிட்டு ஒருவன் காருக்குக் கீழே புகுந்து பார்த்தான். வெளியே வந்து, காவலரணுக்குப் பொறுப்பாயிருந்த பெரியவரிடம் ஏதோ சொன்னான். பெரியவரின் முகம் மாறியது.

மூதூர்ப் பக்கத்து ஆளான ஜெமீல் என்ற பொலிஸ்காரர்தான் அங்கே தமிழ் பேசக்கூடியவர். அவர் குனிந்து மெதுவாகச் சொன்னார்: "ஐயா, கீழ லொறித் தகடு கிடக்காம். வெறுங்கார் இப்பிடித் தூக்கிட்டு நிண்டா, பாரம் ஏத்தினாப் பிறகு ஆருக்கும் சந்தேகம் வராம மட்டமா ஓடும். குண்டு ஏத்துறதுக்குத்தான் இப்பிடிச் செய்வாங்களாம். இப்பிடிக் காரைக் கண்டா விடவேணாமெண்டு போன கிழமைதான் கடிதம் வந்த. ரெண்டரைக்கு முகாம்ல இருந்து வாகனம் வரும். உங்களையும் காரையும் கொண்டு போவாங்க."

வெயிலில் முழங்கால் வெந்துகொண்டிருக்க, கதிராமனுக்கு உள்ளே குளிர்ந்தது. தொண்ணூறாம் ஆண்டு இப்படித்தான் விசாரணைக்கென்று அவருடைய தம்பி வேலாப்போடியைக் கொண்டு போனார்கள். ஆறு வருஷமாகிவிட்டது. தம்பி வரவில்லை.

"அது... அது என்ர மனுசிக்கு" என்றார்.

"என்ன?"

"மனுசியின்ர பாரத்துக்கு வைச்சனான், தம்பி. அவ கொஞ்சம் மொத்தமான ஆள்."

ஜெமீல் சிங்களத்தில் சொன்னார். மண்மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து சிரிப்பு வெடித்தது. பெரியவர் சிரிக்கவில்லை. அப்போதுதான் கதிராமனுக்குக் கம்பு ஞாபகம் வந்தது. "பூட்டுக்குள்ள ஒரு கம்பு கிடக்கு. அதில கோடு இருக்கு. மனுசி இரண்டு மணி பஸ்ஸில இதாலதான் வருவா. சீற்றைப் பூட்டி அவவை இருத்திப் பாருங்கோ. பம்பர் கோட்டில வந்து நிக்கும். ஒரு நூல் பிசகாது. பிசகினால் என்னைக் கொண்டு போங்கோ."

பெரியவர் கம்பைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சரி, பார்ப்போம் என்று தலையாட்டினார். சீற்றைத் திரும்பப் பூட்டினார்கள்.

பஸ் வந்தது. சனம் இறங்கியது. ரீச்சர் வழக்கம்போலத் தகரக் கூட்டுக்குள் போய் மறுபக்கத்தால் வெளியே வந்தார். பால்கோப்பி நிறத்தில் பளபளவென்று தன்னுடைய கார். அதற்குப் பக்கத்தில், மேற்சட்டை இல்லாமல், முழங்காலில், தன்னுடைய மனிதர். ரீச்சரின் கையிலிருந்த பை விழுந்து நூற்பந்துகள் வீதியில் உருண்டன. "ஐயோ, என்னப்பா இது?" என்றார்.

ஜெமீல் நடந்ததைச் சொன்னார். 'உங்கட பாரத்துக்கு' என்ற இடம் வந்ததும் ரீச்சர் கதிராமனைப் பார்த்தார். கதிராமன் நிலத்தைப் பார்த்தார்.

"பள்ளத்துக்கு எண்டெல்லோ சொன்னீங்கள்."

"ஞானம், இப்ப அந்தக் கதை வேண்டாம். ஏறி இரும்."

"நான் இருக்கமாட்டன்."

"வெக்கப்படுற நேரமில்லை ஞானம்! என்னைக் கொண்டு போகப் போறாங்கள்!"

"வெக்கமில்லை." ரீச்சர் சேலைத் தலைப்பை இடுப்பைச் சுற்றி இழுத்துக்கொண்டார். "நான் இருந்தாலும் வராது."

என்ன சொல்கிறார் என்று கதிராமனுக்கு விளங்கவில்லை. பயத்தில் பேசுகிறார் என்று நினைத்தார். ஜெமீல் கதவைத் திறந்து பிடித்தார். பஸ்ஸில் வந்த சனம் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, ரீச்சர் சேலையை ஒதுக்கிக்கொண்டு ஏறி நடுவில் இருந்தார். பம்பர் பணிந்தது. நின்றது.

கோட்டுக்கு மேலே இரண்டு விரல்.

கதிராமன் எழும்பிவிட்டார். துவக்கு நீட்டியவனைக்கூடக் கவனிக்கவில்லை. ஸ்பிறிங் எங்கேயோ இறுகிவிட்டதென்று காரைப் பிடித்து உலுக்கினார். அது ஆடிவிட்டுத் திரும்ப அதே இடத்தில் வந்து நின்றது. காற்றுக் கூடிவிட்டதோ என்று சில்லை உதைத்துப் பார்த்தார். கம்பை வாங்கி 'ஞா' என்ற எழுத்தைத் தடவிப் பார்த்தார். கம்பைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். குந்தியிருந்து நிலம் மட்டமா என்று பார்த்தார். எல்லாவற்றையும் பார்த்தார், மனைவியைத் தவிர.

"ஞானம், நல்லா அமத்தி இரும்!"

"இதுக்கு மேல அமத்த என்னட்ட ஒண்டும் இல்லையப்பா" என்றார் ரீச்சர்.

பெரியவர் கையைக் காட்டினார். இரண்டு பேர் வந்து கதிராமனின் தோளைப் பிடித்தார்கள்.

அப்போதுதான் தகரக் கூட்டின் சாக்குத் திரையை விலக்கிக்கொண்டு அந்தப் பெண் பொலிஸ் வெளியே வந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும், மெலிந்த பிள்ளை. "சேர்!" என்று கூப்பிட்டுக்கொண்டு வந்தாள். பெரியவரிடம் மளமளவென்று சிங்களத்தில் பேசினாள். பேசப் பேச இரண்டு கையையும் அகல விரித்தாள், பிறகு கிட்டக் கொண்டுவந்தாள். விரல்களால் தன் விலாவைத் தொட்டுக் காட்டினாள். ஜெமீலுக்கு மொழிபெயர்க்க வாய் வரவில்லை. கதிராமன் அவருடைய கையைப் பிடித்து உலுக்கினார். "என்ன சொல்லுறா? என்ன சொல்லுறா தம்பி?"

"ரீச்சரை ஒண்டரை வருசமா ஒவ்வொரு நாளும் நான்தான் சோதிக்கிறன் எண்டு சொல்றா. முதல்ல கட்டிப்பிடிச்சாலும் ரெண்டு கையும் காணாதாம். மாசா மாசம் குறைஞ்சு குறைஞ்சு வந்ததாம். இப்ப விலா எலும்பு கையில தட்டுதாம். சட்டையில ஒவ்வொரு மாசமும் புதுத் தையல் ஒண்டு போட்டு ஒடுக்கியிருக்காவாம். அந்தாள் பொய் சொல்லல்ல, ரீச்சர் முதல் அவ்வளவு பெரிய ஆள்தான் எண்டு சொல்றா. டொக்டர்ட்ட போங்க எண்டு இவ எத்தனையோ நாள் சொன்னவவாம். ரீச்சர் சிரிச்சிட்டுப் போவாவாம்."

பெண் பொலிஸ் கதிராமனைப் பார்த்து இன்னும் ஒன்று கேட்டாள். ஜெமீல் அதைச் சொல்லாமல் விடப் பார்த்தார். அவள் விடவில்லை.

"வீட்டுல ஆரும் பாக்கல்லையா எண்டு கேக்கிறா."

பெரியவர் கம்பைத் திரும்ப வாங்கிப் பம்பருக்குப் பக்கத்தில் நிறுத்தினார். பிறகு அந்தப் பிள்ளையையே காரில் ஏறச் சொன்னார். அவள் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ரீச்சருக்குப் பக்கத்தில் இருந்தாள். பம்பர் மெதுவாகப் பணிந்து, அச்சொட்டாகக் கோட்டில் வந்து நின்றது. ஒரு நூல் பிசகவில்லை.

கதிராமன் கோட்டைப் பார்த்தார். ஒரு முழு ஆள். ஒரு வருஷத்துக்குள் தன்னுடைய வீட்டிலிருந்து ஒரு முழு ஆள் குறைந்து போயிருக்கிறது. அளவுப் பைத்தியம் என்று பெயரெடுத்தவர், குசினிக்கும் காருக்கும் இடையில் இருபதடி தூரத்தில் இருந்துகொண்டு, அதைக் காணவில்லை. தையல் மெஷின் ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சந்தோஷமாக நட்டு முறுக்கியிருக்கிறார். அவர் அப்படியே வீதியில் முழங்காலிட்டு இருந்துவிட்டார். இந்த முறை யாரும் அவரை முழங்காலில் இருக்கச் சொல்லவில்லை.

ஒரு கிழமைக்குள் இரண்டு தகட்டைக் கழற்றிவிட வேண்டும் என்று பெரியவர் உத்தரவு போட்டார். சட்டையை எடுத்துப் போடச் சொன்னார். போகலாம் என்றார். சனம் நூற்பந்துகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக் கொடுத்தது.

சீனி வருத்தம், நீரிழிவு என்று பிறகு கண்டுபிடித்தார்கள். கிளினிக், ஊசி, சோற்றுக்குப் பதில் குரக்கன் பிட்டு என்று ரீச்சர் அதன் பிறகும் பல வருஷம் இருந்தார், பிள்ளைகளுக்குத் தையல் படிப்பித்தார், அந்தக் காரிலேயே போய் வந்தார். அதெல்லாம் பின்னால் நடந்தவை. அன்று அந்தப் புதன்கிழமை, கதிராமன் காரை வீட்டுக்கு விடாமல் நேரே ஆஸ்பத்திரிப் பக்கம் திருப்பினார். பின்பக்கம் இரண்டு விரல் தூக்கியபடியே கார் போனது. ஆஸ்பத்திரிப் பக்கத்துக் காவலரணிலும் மறித்தார்கள். ஜெமீல் எழுதித் தந்த துண்டைக் காட்டினார்.

"எவ்வளவு காலமா ஞானம்?"

"போன வருசம் ஆவணியில இருந்து. ஓயாத தண்ணி விடாய். களைப்பு."

"ஏன் என்னட்டச் சொல்லேல்லை?" "ஆரோ ஒரு பொலிஸ் பிள்ளைக்குத் தெரியுது. எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்தானே!"

ரீச்சர் சரையைப் பிரித்து ஒரு கச்சானை உடைத்தார். அதைத் தின்னவில்லை.

"சொன்னனான். ஐப்பசியில ஒருக்கா. பிறகு பொங்கலுக்கு முதல் நாள், காருக்குப் பக்கத்தில குந்தியிருந்து சொன்னனான், எனக்குப் பயமாக் கிடக்கு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ எண்டு. நீங்கள் கீழ கிடந்தீங்கள். ஓம் ஓம் எண்டு சொன்னீங்கள்."